குப்பத்துச் சீசாக்கள்

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. பெரிய மனிதனாகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளத் தேவையான சாமான்கள் எல்லாம் கைவசம் இருந்தன: ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக எழுதும் பென்சில், தோல் பை, பாலிஷ் போட்ட பூட்ஸ், ஆபீசில் அச்சடித்துக் கொடுத்த ஒரு கட்டுப் படிவம். சுகாதார ஆபீசில் குமாஸ்தா வேலை. நகரத்துத் தர்மாஸ்பத்திரிகளுக்குப் போய், எது எப்படி நடக்கிறது என்று பார்த்து மார்க் போட்டுக்கொண்டு வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய மார்க்கை அறிந்த யாரும் இந்த வேலையை என்னிடம் கொடுத்திருக்க மாட்டார்கள். நல்லவேளை, ஆபீசில் அதை யாரும் கேட்கவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. மருந்து வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதிலும் கொயினா கண்ணில் படுவதே அரிது. மலேரியா என்கிற முறைக்காய்ச்சலுக்கு அதை விட்டால் வேறு கதி கிடையாது என்ற காலத்தில், அது விளைகிற தேசம் எதிரி கையில் போய்விட்டது. எங்கள் ஆபீசர் ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டார். மயிலாப்பூர்க்காரர், கறாரானவர். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசுவார்.

“ஓய், தி. நகர்ல ஒரு ஆஸ்பத்திரி, சாந்தோமுக்குத் தெற்கே குப்பத்துல ஒரு ஆஸ்பத்திரி. ரெண்டுக்கும் அனுப்பற அளவுக்கு மருந்து இல்லை. நீர் போய்ப் பார்த்துண்டு வாரும். எது ஜனங்களுக்குப் பிரயோஜனமா இருக்கோ அது நடக்கட்டும். இன்னொண்ணை மூடிடுவோம். நீர் எழுதறதைத்தான் நான் அப்படியே மேலே அனுப்பப் போறேன்.”

கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. அவ்வளவு நம்பிக்கை என் மேல். அன்று வீட்டுக்குப் போனதும் அதை அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விதவையான அக்காதான் எங்கள் வீட்டை நடத்திவந்தாள். “என் ஒரு கையெழுத்துல ஒரு ஆஸ்பத்திரியே மூடிடும், தெரியுமா?” என்றேன். அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். “எந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்டாள். சொன்னேன்.

மறுநாள் தி. நகர். அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. புதுச் சுண்ணாம்பு அடித்த கட்டடம். வாசலில் ஜனம் தெருமுனை வரை நிற்கிறது. பெண்களுக்குத் தனி வரிசை, ஆண்களுக்குத் தனி வரிசை. டாக்டர் நல்லவர், வியர்வையைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் நாக்கை நீட்டச் சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளே கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து மருந்தை அளந்து ஊற்றுகிறார். அவரவர் சீசாவை அவரவர் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் மருந்துதான் தரலாம் என்பது எங்கள் ஆபீசின் விதி. பதிவேட்டில் முத்து முத்தான கையெழுத்தில் பக்கம் பக்கமாக வருகை. என் படிவத்தில் சுத்தம், பதிவேடு, டாக்டர் வரும் நேரம் என்று பல கட்டங்கள் இருந்தாலும், பாதி மார்க் நோயாளிகளின் எண்ணிக்கைக்குத்தான். கூட்டிப் பார்த்தேன். கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு. என் வாழ்க்கையில் அப்படி ஒரு மார்க்கைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்பதால், நீலப் பென்சிலால் இரண்டு கோடு போட்டேன்.

அதற்கு மறுநாள் குப்பம். லஸ் வரை டிராம், பிறகு கச்சேரி ரோடு வழியாக நடை. சாந்தோம் தாண்டிக் கடலோரமாக அடையாற்று முகத்துவாரத்தைப் பார்த்துப் போனால், மணல் பூட்ஸுக்குள் புகுந்துகொள்கிற இடத்தில் குப்பம் தொடங்கும். ஓட்டுக் கூரையும் இரண்டு அறையுமாக ஒரு கட்டடம். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளில் வருவார். மற்ற நாளெல்லாம் ஒரு நர்ஸ் அம்மாதான். கம்பவுண்டர் பரீட்சையும் பாஸ் செய்தவர் என்பதால் மருந்து கலப்பதும் அவரே. சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா வாத்தியார், அண்ணன் வாத்தியார் என்று அவரே சொன்னார். நாற்பது வயது இருக்கும். வெள்ளைப் புடவையின் ஓரமெல்லாம் பல நிற மருந்துக் கறை.

நான் போய்ச் சேர்ந்தபோது எட்டரை மணி. பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். பத்து மணிக்குள் மொத்தம் பதினாறு பேர். அதற்கப்புறம் ஒரு நாய் வந்து படுத்துக்கொண்டது, அவ்வளவுதான். பதிவேட்டைக் கேட்டேன். கொடுத்தார். பெயரெல்லாம் சிறு சிறு எழுத்தில், ஓரங்களில் வேறு கிறுக்கல்: ‘மூன்றாம் வீடு பார்’, ‘தாய்க்கும் கேள்’. எனக்குக் கிறுக்கலைக் கண்டால் ஆகாது. பென்சிலின் சிவப்புப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“எவ்வளவு நாள் மருந்து தர்றீங்க?” என்று கேட்டேன்.

“மூணு நாளைக்குத் தர்றேன் சார்.”

“ஒரு நாள்தானே விதி?”

“கட்டுமரத்துல போறவன் தினம் தினம் வந்து நிக்க முடியுமா சார்?” என்றார், கையிலிருந்த கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

விதிமீறல் என்று சிவப்பில் எழுதினேன். எழுதும்போதே அவர் கை என்ன செய்கிறது என்று பார்த்தேன். மருந்துச் சீசாவின் பக்கவாட்டில் ஒட்டும் அளவுக் காகிதத்தை வெட்டிக்கொண்டிருந்தார். அதை எல்லா ஆஸ்பத்திரியிலும் வெட்டுவார்கள். நீளமான காகிதத் துண்டின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டி ஒட்டிவிட்டால், ஒரு வேளைக்கு ஒரு பல் அளவு குடிக்க வேண்டும் என்று எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். தி. நகரில் மூன்று பல் வெட்டி எச்சில் தொட்டு ஒட்டினார்கள். சீசா கைமாறும்போதே பாதிக் காகிதம் விழுந்துவிட்டது. இந்த அம்மா புளியங்கொட்டைப் பசை காய்ச்சி வைத்திருந்தார். ஒன்பது பல் வெட்டினார். ஒவ்வொரு மூன்று பல்லுக்கும் முதல் பல் கூர், அடுத்தது சதுரம், மூன்றாவது உருண்டை. ஒரு காகிதத்துக்கு அவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பதினாறு பேருக்கு மேல் வராத இடத்தில் வேறு என்னதான் செய்வார் என்றும் தோன்றியது.

எண்ணிக்கைக் கட்டத்தில் நான் போட்ட மார்க்கை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த ஆஸ்பத்திரி மூடப்பட வேண்டியதுதான் என்று பத்தரை மணிக்கு முடிவு செய்துவிட்டேன். அதை அவரிடம் நேராகச் சொல்லவில்லை. “ரெண்டுல ஒண்ணு மூடற மாதிரி இருக்கு. மேலே முடிவு பண்ணுவாங்க” என்று மட்டும் சொன்னேன். அவர் பசைக் கிண்ணத்தை மூடிவைத்தார்.

“நான் சம்பளத்துக்கு எங்கேயாவது போயிடுவேன் சார். இவங்களுக்குத்தான் இதை விட்டா ஒண்ணுமில்ல” என்றார்.

எல்லா இடத்திலும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்றே கால் இருக்கும். ஆஸ்பத்திரி பன்னிரண்டு மணி வரை திறந்திருக்க வேண்டும். அந்த அம்மா கதவைச் சாத்தி, கொண்டி போட்டு, ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மணலில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. பரிசோதிக்க வந்தவன் உட்கார்ந்திருக்கும்போதே வீட்டுக்குச் சோறு வடிக்கப் போகிறாரே! கையும் களவுமாகப் பிடித்து அதையும் எழுதிவிடலாம் என்று பின்னாலேயே கிளம்பினேன். பத்தடிக்கு ஒருமுறை பூட்ஸைக் கழற்றி மணலைக் கொட்டிக்கொண்டே ஒருவரைத் திருட்டுத்தனமாகப் பின்தொடர்வது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் தெரிந்தது.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. முதல் குடிசைக்குள் தலையை நுழைத்தார், எடுத்தார், அடுத்ததற்குப் போனார். ஒரு பேச்சும் இல்லை. நாலாவது குடிசையில் நான் போய் நின்றுவிட்டேன்.

“இங்கே என்ன பாக்கறீங்க?”

அவர் திடுக்கிடவில்லை. “சீசாவைப் பாக்கறேன் சார்” என்றார்.

உள்ளே விட்டத்திலிருந்து தொங்கும் உறியில் ஒரு சீசா இருந்தது. அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “நேத்துக் காலைல குடுத்தது. நேத்து மூணு பல்லு. இன்னிக்கு மரம் கரைக்கு வந்தப்ப ஒரு பல்லு. நாலு போயிருக்கணும். போயிருக்கு, பாருங்க.”

பார்த்தேன். மருந்து நாலாவது பல்லின் கீழ்ப் பள்ளத்தில், வரைந்த கோடு மாதிரி நின்றது.

அப்போதுதான் விளங்கிற்று. குப்பத்தில் யாரிடமும் கடிகாரம் இல்லை. கட்டுமரம் கரைக்கு வரும்போது ஒரு வேளை, மத்தியானம் மாதா கோயில் மணி அடிக்கும்போது ஒரு வேளை, விளக்கு வைக்கும்போது ஒரு வேளை என்று இந்த அம்மா மருந்தைக் குப்பத்தின் நாளோடு சேர்த்துக் கட்டியிருந்தார். கூரான பல் மரத்துக்கு, சதுரம் மணிக்கு, உருண்டை விளக்குக்கு. இருட்டிலும் விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தினமும் இந்த நேரத்துக்குக் கிளம்பி எல்லாச் சீசாவையும் பார்த்துவிட்டு வருவாராம். ஆஸ்பத்திரிக்கு யாராவது வந்தால் வாசலில் கிடக்கும் தகரத்தைத் தட்டுவார்கள், திரும்பி ஓடுவாராம்.

நான் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. எங்களுக்குக் காட்டுவதற்காக முன்னாலேயே பழக்கி வைத்திருக்கலாம் அல்லவா? “அடுத்து எந்த வீடுன்னு நான் சொல்றேன்” என்றேன். “சொல்லுங்க” என்றார். கடலோரத்துக் கடைசி வரிசையைக் காட்டினேன். அங்கே ஒரு கிழவருக்கு இருமல் மருந்து. ஏழு பல் போயிருக்க வேண்டும் என்றார் அந்த அம்மா, உள்ளே போகுமுன்பே. போயிருந்தது. வலை காயும் இடத்துக்குப் பின்னால் ஒரு வீட்டைக் காட்டினேன். ஒரே ஒரு பல் என்றார். ஒன்றுதான். இன்னொரு வீடு, இன்னொன்று. எனக்குப் பிடிவாதம் ஏற ஏற, வேர்க்க வேர்க்க, ஏதாவது ஒரு சீசா தப்பாக இருந்துவிடாதா என்று தேடினேன். ஒரு தெரு முழுக்க ஒரே கணக்குப் புத்தகத்திலிருந்து மருந்து குடிப்பதுபோல அத்தனை சீசாவும் அது அது நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் அதுவரை பார்த்த ஆஸ்பத்திரிகளில் சீசா வாசலைத் தாண்டியதும் எங்கே போகிறது என்று நானும் கேட்டதில்லை, படிவமும் கேட்டதில்லை.

“இவ்வளவு பேருக்கும் நீங்க சொன்னபடி கேட்டு நடக்கப் பொறுமை இருக்கா?” என்றேன்.

“மூணு நாள் ஒழுங்காக் குடிச்சா நாலாவது நாள் மரம் ஏறலாம் சார். அது அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. அதான் பெஞ்சுல கூட்டம் இல்ல.”

அந்த அம்மா இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. காலையில் நான் அந்தக் காலி பெஞ்சைப் பார்த்துத்தான் சிவப்பில் எழுதினேன். எழுதியது பைக்குள் இருந்தது. பை கனப்பது போலிருந்தது.

அந்த நேரத்தில் மணி அடித்தது. கடல் காற்று எதிர்த்து வீசினாலும் மணிச் சத்தம் தெளிவாக வந்து சேர்ந்தது. நாங்கள் நின்ற சந்தில் பேச்சு நின்றது. மீன் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எதிர் வீட்டில் ஒருவர் பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு உறிக்குக் கை நீட்டினார். திறந்திருந்த வாசல்கள் வழியாகப் பார்த்தால், இந்தப் பக்கம் ஒரு சீசா, அந்தப் பக்கம் ஒரு சீசா, சூரியனுக்கு எதிரே தூக்கிப் பார்த்துச் சாய்க்கிறார்கள். கசப்புத் தாங்காமல் ஒரு குழந்தை வீரிட்டது. எங்கோ யாரோ சிரித்தார்கள். நான் அந்த இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்று பிற்பாடு அந்த அம்மாவே சொன்னார். கும்பிட வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. எங்களுக்கு நேரே இருந்த குடிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஓர் இளம்பெண் மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை. முறைக்காய்ச்சல். தாய் சீசாவைச் சாய்த்தாள். சதுரப் பல்லின் பாதியில் நிமிர்த்திவிட்டாள். சட்டென்று மூடி உறியில் வைத்தாள்.

நர்ஸ் அம்மா உள்ளே போய்ச் சீசாவை முதல்முறையாகக் கையில் எடுத்தார். “இன்னாம்மா இது? காலைலயும் பாதிதான் குடுத்திருக்கே? நேத்து விளக்கு வச்சப்பவும் பாதியா? கொயினா வச்சி வெளையாடாதேன்னு சொன்னேனா இல்லியா?”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அதட்டினால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

“ஆஸ்பத்திரிய மூடப் போறாங்களாமே நர்சம்மா” என்றாள். “மயிலாப்பூர்ல மீன் விக்கப் போற எங்க அத்தை கேட்டுக்கினு வந்துச்சி. அங்க ஒரு வூட்டம்மா சொன்னாங்களாம். அவங்க தம்பி ஆபீசுல கீறாராம், அவுருதான் மூடப் போறாராம். அப்பால புள்ளைக்கு ஜொரம் வந்தா நான் எங்க போவேன்? அதான் பாதி பாதியாக் குடுத்து மிச்சம் புடிச்சி வச்சிக்கினு கீறேன்.”

அந்த வீட்டம்மா என் அக்கா. தம்பி நான். முந்தாநாள் சாயங்காலம் வாய்க்கொழுப்பில் நான் சொன்னது, மறுநாள் காலை மீன்காரியின் கூடையில் ஏறி இங்கே வந்து, இந்தக் குழந்தையின் மருந்தில் பாதியைக் குடித்திருந்தது. குழந்தையின் கை மேலே என் கை பட்டது, கொதித்தது. பாதி மருந்தில் காய்ச்சல் போகாது, திரும்பத் திரும்ப வரும் என்று எனக்கே தெரியும். அது தெரிந்த ஆபீசில்தான் எனக்கு உத்தியோகம்.

“மூட மாட்டாங்கம்மா” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நர்ஸ் அம்மாவும் பார்த்தார்.

“நான் அந்த ஆபீசுலேருந்துதான் வந்திருக்கேன். எழுதப் போறவனே நான்தான். மூட மாட்டாங்க. இதைப் பூராவும் குடுத்து முடி. முடிஞ்சா மறுபடி தருவாங்க.”

“மெய்யாலுமா சார்?”

“மெய்யாத்தான்.”

அவள் உடனே சீசாவை வாங்கி, மீதிப் பாதிப் பல்லையும் குழந்தையின் வாயில் ஊற்றினாள். என் வார்த்தைக்கு அப்படி ஒரு மரியாதை என் வீட்டில்கூடக் கிடைத்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆபீசருக்கே கிடையாது. திரும்பி நடக்கும்போது நர்ஸ் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “நிசமா சார்?” நான் பூட்ஸைக் கழற்றி மணலைக் கொட்டினேன். அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வழி தேட வேண்டியதாகிவிட்டது. அன்று பிற்பகலே தி. நகர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து விலாசங்களைக் குறித்துக்கொண்டு கிளம்பினேன். கோடம்பாக்கத்தில் ஒரு தச்சர். ஸ்டூடியோவில் செட்டு போடும் வேலை. அலமாரி மாடத்தில் ஆறு சீசா வரிசையாக இருந்தது. ஒன்றில் பச்சை, ஒன்றில் ரோஜா நிறம், ஒவ்வொன்றிலும் முக்காலும் பாதியுமாக மருந்து.

“இதெல்லாம் யாருக்கு?” என்றேன்.

“எல்லாம் எனக்குத்தான் சார். வயித்துவலி. ஒரு நாள் மருந்துக்கு ரெண்டு மணி நேரம் நிக்கணும். செட்டு வேலை கீற நாளு எப்படிப் போறது? நடுவுல விட்டுட்டுப் போனா மறுபடி மொதல்லேருந்து. இப்ப வலி அப்படியேதான் கீது.”

பதிவேட்டிலிருந்து குறித்து வந்ததைப் பார்த்தேன். அவர் ஆறு நாள் வந்திருக்கிறார். ஆறு நோயாளிகள் என்று எண்ணியிருந்தது. நான் நீலக் கோடு போட்ட கூட்டத்தில் இவர் ஒருவரே ஆறு பேர். டாக்டர் மேல் குற்றமில்லை, கம்பவுண்டர் மேலும் இல்லை. ஒரு நாள் மருந்து என்று விதி போட்டதும் தலையை எண்ணி மார்க் போட்டதும் நாங்கள்தான். வடபழனிப் பக்கமும் நாலைந்து வீடு பார்த்தேன். ஒரு வீட்டில் கொயினா மருந்தை முற்றத்துத் துளசிக்குக் கொட்டியிருந்தார்கள். துளசிக்கு முறைக்காய்ச்சல் வர வாய்ப்பில்லை.

மறுநாள் ஆபீசர் முன்னால் போய் நின்றேன். படிவத்தைக் கொடுக்கவில்லை, நடந்ததைச் சொன்னேன். அக்காவிடம் பீற்றிக்கொண்டது, வாக்குக் கொடுத்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. கண்ணாடி மேஜைக்கு வந்தது.

“வாக்குக் குடுக்க நீர் யாரு ஓய்? நாளைக்கு மேலேருந்து மூடச் சொன்னா அந்த ஜனங்க முகத்துல எப்படி முழிப்பீர்? சீசாவைப் பார்த்தாராம் சீசாவை! அதுக்குப் படிவத்துல கட்டம் இருக்கா?”

“இல்லை சார்.”

“அப்ப எதை வெச்சுண்டு நான் மேலே எழுதறது? போம்.”

போனேன். அன்றைக்கு எழுதிய கடிதங்களில் எத்தனை தப்புச் செய்தேன் என்று எண்ணிச் சொன்னவரும் அவரேதான்.

அடுத்த நாள் காலை நான் நாற்காலியில் உட்காருமுன்பே கூப்பிட்டார். இந்த முறை கண்ணாடி மூக்கில் இருந்தது. குரலும் தாழ்ந்திருந்தது.

“நேத்து ஆத்துக்குப் போனதும் என் மருந்துச் சீசாவை எடுத்துப் பார்த்தேன் ஓய். ரத்த அழுத்தத்துக்குப் பெரிய டாக்டர் குடுத்தது. அஞ்சு வேளை அப்படியே இருக்கு. வேளா வேளைக்குச் சாப்பிட்டுண்டுதானே இருக்கேன்னு நெனச்சுண்டிருந்தேன்.” கண்ணாடியை மூக்கில் அழுத்திவிட்டுக்கொண்டார். “அந்தக் குப்பத்துல ஒரு வீட்டுலகூடத் தப்பா இல்லேங்கறீர்?”

“ஒரே வீட்டுல சார். அதுவும் என்னால.”

அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை இழுத்து அவரே எழுத ஆரம்பித்தார். தி. நகரில் மூன்று நாள் மருந்தாகக் கொடுத்தால் வீணாவது நிற்கும், வீணாவது நின்றால் இருக்கும் மருந்து இரண்டு இடத்துக்கும் போதும், ஆகவே எதையும் மூட வேண்டியதில்லை. இவ்வளவுதான் விஷயம். ஆனால் மேலே போய்த் திரும்பி வர வேண்டுமே! அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா மீன்காரியிடம் மேற்கொண்டு பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். குப்பத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒருவேளை உத்தரவு மாறி வந்தால் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுவது என்று வீரமாக நினைத்துக்கொள்வேன். அதனால் அந்தக் குழந்தைக்கு என்ன பிரயோஜனம் என்று அடுத்த நிமிஷமே தோன்றும்.

உத்தரவு வந்தது. மூட வேண்டாம். ஆபீசர் அதை என் கையிலேயே கொடுத்து, “போம் ஓய், நீரே போய்ச் சொல்லும்” என்றார். லஸ்ஸிலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போனேன். மணல் புகுந்ததை அன்று கவனிக்கவே இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சு காலியாக இருந்தது. நர்ஸ் அம்மா பல் வெட்டிக்கொண்டிருந்தார். உத்தரவை நீட்டினேன்.

“மூட மாட்டாங்கம்மா. கையெழுத்து ஆயிடுச்சு. எல்லாருக்கும் சொல்லிடுங்க.”

அவர் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“அவங்களுக்கு இனிமே சொல்ல ஒண்ணுமில்ல சார்” என்றார். “நீங்க வந்துட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வீடு கேட்டாங்க. மருந்தை மிச்சம் புடிச்சி வச்சிக்கட்டுமா நர்சம்மான்னு. அதுக்குள்ள மூடப் போற சேதி எல்லாருக்கும் பரவிடுச்சு. ஆபீஸ் சாரே மூட மாட்டாங்கன்னு சொல்லிட்டாரு, பூராவும் குடிங்கன்னேன். குடிச்சாங்க. பல்லு தப்பாம குடிச்சாங்க. அந்தப் பொண்ணு குழந்தைக்கு ஜுரம் விட்டு நாலு நாளாச்சு.”

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

“நீங்க இன்னிக்கு வேற காகிதம் கொண்டாந்திருந்தா, குப்பத்துல எந்த வீட்டுலயும் ஒரு சொட்டு மருந்து இருந்திருக்காது சார். நீங்க சொன்னது நிச்சயமில்லன்னு எனக்குத்தான் தெரியும். ஒரு வாரமா நான் சீசாவைப் பாக்கப் போறப்பல்லாம், இன்னும் எத்தனை பல்லு மிச்சம்னு எண்ணிக்கிட்டே இருந்தேன்.”

நான் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.